வேர்ச்சொல்லும் மூலப்பத்திரமும் – அல்பேனிய மொழியை முன்வைத்து

1891-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அல்பேனிய மொழிக்கு ஒரு வேர்ச்சொல் அகராதி வெளிவந்தது. தொகுத்தவர் குஸ்தாவ் மையர். ஆஸ்திரியாவில் கிராஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர்; கிரேக்க இலக்கணத்தில் ஏற்கனவே பெயர் வாங்கியவர். அகராதியிலுள்ள சொற்கள் எங்கிருந்து வந்தவை என்று கணக்கெடுக்கப்பட்டது. மொத்தம் 5,110 சொற்கள். லத்தீனும் அதன் வழிவந்த மொழிகளும் கொடுத்தவை 1,420. துருக்கி 1,180. நவீன கிரேக்கம் 840. ஸ்லாவிய மொழிகள் 540. எங்கிருந்து என்று சொல்ல முடியாதவை 730. இவையெல்லாம் போக, அல்பேனியம் தன் இந்தோ-ஐரோப்பிய மூதாதையிடமிருந்து நேராகப் பெற்றவை என்று மையர் ஒப்புக்கொண்டவை 400.

நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. வங்கியில் உத்யோகம் பார்க்கிறவனுக்கு ஐந்தொகை பார்த்துப் பழக்கம் உண்டு. சொந்த முதல் எட்டு சதவீதம், மீதியெல்லாம் வெளியார் பணம் என்று ஒரு ஸ்தாபனம் வந்து நின்றால் எங்கள் மேலாளர்கள் அதைப் பற்றி என்ன குறிப்பு எழுதுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மையரும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார்: பாதி லத்தீன்மயமாகிவிட்ட கலப்பு மொழி. அந்தத் தீர்ப்பு வெகுகாலம் அல்பேனியத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் மொழியின் உறவுமுறை, சொற்களை எண்ணித் தீர்மானிக்கிற சமாசாரம் அல்ல என்பது மையர் காலத்திலேயே தெரிந்த விஷயம். அல்பேனியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1835-ல் க்ஸிலாண்டர் என்ற பவேரிய ராணுவ அதிகாரி வாதித்திருந்தார். ஒப்பிலக்கணத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃப்ரான்ஸ் போப் 1854-ல் பெர்லின் அகாதமியில் அதை நிரூபித்தார். குடும்பத்தில் சேர்ந்தது, ஆனால் நெருங்கிய சகோதரம் எதுவும் இல்லாமல் தனிக்கிளையாக நிற்பது என்பது போப்பின் முடிவு. அவருக்கு ஆதாரமாக இருந்தவை வினைவிகுதிகளும் பிரதிப்பெயர்களும் எண்ணுப்பெயர்களும். 400 சொற்களானாலும் அவை ஒரு ஒழுங்கோடு மாறியிருக்கின்றன என்பதுதான் விஷயம்.

அந்த ஒழுங்கைத் தமிழ் வாசகன் தன் காதாலேயே சோதித்துப் பார்க்கலாம். ஸம்ஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்துவிட்ட சில சொற்களே போதும். (அல்பேனிய உச்சரிப்பை நம் எழுத்தில் தோராயமாகத்தான் தர முடியும்.) நமது ‘சர்ப்பம்’ அல்பேனியத்தில் ‘ஜ்யார்பெர்’. ‘சொப்பனம்’ என்பதன் உறவு ‘ஜ்யும்’, அர்த்தம் தூக்கம். சொல்லின் முதலிலிருந்த ‘ஸ’ இரண்டிலும் ‘ஜ்ய’ ஆகியிருக்கிறது. ‘ஹிமம்’, ‘ஹேமந்தம்’ இரண்டிலும் உள்ள வேர் அங்கே ‘திமெர்’, அதாவது குளிர்காலம். ‘பஞ்ச’ என்ற ஐந்து ‘பெஸ்’. ‘தச’ என்ற பத்து ‘த்யெத்’. ‘நாமம்’ அங்கே ‘எமென்’. மேலோட்டமாகக் கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ‘ஜ்யும்’ என்ற ஓரசைக்குள் சொப்பனம் இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இதே நிலைமையில் இதேபோல மாறிய வேறு சொற்கள் சாட்சி சொல்கின்றன. ஒலியின் ஒற்றுமையைப் பார்த்து மயங்குகிறவன் வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லாதவன். வேற்றுமை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதே வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘மோத்ர’ என்ற சொல். மாதா, மேட்டர், மதர் என்று குடும்பம் முழுக்க அம்மாவைக் குறிக்கும் அதே சொல்தான். ஒலிவிதிகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அல்பேனியத்தில் அதற்கு அர்த்தம் சகோதரி. அம்மாவுக்கு ‘நென’ என்று குழந்தைகளின் மழலையிலிருந்து வந்த வேறொரு சொல். கூட்டுக்குடும்பத்தில் மூத்த பெண்ணே சின்னவர்களை வளர்த்ததால் பெயர் இடம் மாறியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. யூகம்தான். அக்காவின் இடுப்பில் வளர்ந்தவர்களுக்கு அந்த யூகம் அத்தனை தூரத்தில் இல்லை. எப்படியானாலும், ஒலி மட்டும் விதிக்குக் கட்டுப்படுகிறது, அர்த்தம் கட்டுப்படுவதில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் நான் பார்த்ததில்லை.

இனி அந்த 1,420. ரோமாபுரியின் ஆட்சி கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே அட்ரியாடிக்கின் கீழ்க்கரையில் வேரூன்றிவிட்டது. ஏழெட்டு நூற்றாண்டுகள் லத்தீன் அந்த மலைகளில் புழங்கியிருக்கிறது. அது எதையெல்லாம் கொடுத்தது என்று பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. ஆகாயத்துக்குச் சொல் ‘ச்யெல்’ – லத்தீன் ‘கேலும்’. மீன் ‘பெஷ்க்’ – ‘பிஸ்கிஸ்’. குதிரை ‘கால்’ – ‘கபல்லுஸ்’. நகரம் ‘ச்யுதெத்’ – ‘கிவிதாஸ்’. நண்பன் ‘மிக்’ – ‘அமீகுஸ்’. பகைவனும் லத்தீன்தான்: ‘அர்மிக்’ – ‘இனிமீகுஸ்’. ராஜாவைக் குறிக்கும் சொல் ‘ம்ப்ரெத்’. இது ‘இம்பெராதோர்’ என்ற சக்ரவர்த்திப் பட்டம். நான்கசையில் முழங்கிய பட்டத்தைத் தலையும் வாலும் தேய்த்து ஒரு மிடறில் விழுங்கும்படி ஆக்கிவிட்டார்கள். 1928-ல் ஸோக் என்பவர் அல்பேனியாவின் மன்னராக முடிசூட்டிக்கொண்டபோது சூடிக்கொண்டதும் இந்தத் தேய்ந்த ‘இம்பெராதோர்’தான்.

மையரின் ஐந்தொகை மறைத்துவிட்ட விஷயம் இங்கேதான் இருக்கிறது. லத்தீன் சொற்கள் வந்த காலத்தில் அல்பேனியத்தின் ஒலிமாற்றங்கள் நடந்து முடிந்திருக்கவில்லை. ஆகவே சொந்தச் சொல்லுக்கு என்ன நேர்ந்ததோ அதுவே வந்த சொல்லுக்கும் நேர்ந்தது. ‘அமீகுஸ்’ தன் முதலெழுத்தை இழந்தது போலவே பூர்வீகச் சொற்களும் முன்னுயிரை இழந்திருக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த துருக்கிச் சொற்களுக்கு அந்த யோகம் இல்லை. ‘ஜெப்’ என்றால் சட்டைப் பை, நம்முடைய ஜேபி. ‘பஸார்’ நம் பஜார். ‘த்யுஃபெக்’ நம் துப்பாக்கி. அராபியும் பாரசீகமும் துருக்கியும் ஒரே மூட்டையிலிருந்து கிழக்கேயும் மேற்கேயும் இறக்கிய சரக்கு. இரண்டு இடத்திலும் இன்னும் முகம் மாறாமல் இருக்கின்றன. ‘ம்ப்ரெத்’தைப் பார்த்து யாரும் சட்டென்று ரோமாபுரி என்று சொல்லிவிட முடியாது. ‘ஜெப்’பைப் பார்த்ததும் துருக்கி என்று சொல்லிவிடலாம். சொந்தம், கடன் என்று நாம் பிரிப்பது பெரும்பாலும் எப்போது வந்தது என்பதன் வேறு பெயர்தான். ஒரு மொழிக்குத் தனக்கென்று ஏதாவது இருக்குமானால் அது கைவசமுள்ள சொற்குவியலைவிட அந்தக் குவியலைத் தேய்க்கிற விதத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஒரே வேர் இரண்டு வாசல் வழியாக உள்ளே வந்ததும் உண்டு. ‘பெ’ என்றால் சத்தியம், ஆணை. இது பூர்வீகச் சொல். இதே வேரிலிருந்து லத்தீனில் நம்பிக்கை என்ற அர்த்தத்தில் ‘ஃபிதெஸ்’. அந்த ‘ஃபிதெஸ்’ கிறிஸ்தவத்தோடு வந்து அல்பேனியத்தில் ‘ஃபெ’ ஆயிற்று, அர்த்தம் மதம். என்வர் ஹோஜாவின் அரசு 1967-ல் மாதாகோவில்களையும் மசூதிகளையும் இழுத்து மூடியது. ‘ஃபெ’க்குத் தடை, ‘பெ’ தப்பித்தது. அந்த அரசில் ஒருவரையொருவர் ‘ஷோக்’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். தோழர் என்று பொருள். இதுவும் லத்தீன், ‘ஸோகியுஸ்’. ரோமாபுரி தன் படைக்கு ஆள் அனுப்பும் நேச நாட்டார்களுக்கு வைத்திருந்த பெயர்.

எண்ணுப்பெயர்களையும் பாருங்கள். பத்து வரை ஏறக்குறைய எல்லாம் வீட்டுச் சொத்து. நூறு (‘ச்யிந்த்’) லத்தீன். ஆயிரம் (‘மிய்’) லத்தீன். சிறு தொகைக்கு வெளியார் தேவைப்படவில்லை. கடனுக்கான அன்றாடச் சொல் ‘போர்ஜ்’ துருக்கியிடம் வாங்கியது.

இந்த மொழி எழுத்தில் வந்து சேர்ந்த கதை விசித்திரமானது. ஐரோப்பாவின் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இவ்வளவு தாமதமாக எழுத்துக்கு வந்தவை குறைவு. முதல் தடயம் மொழிகூட இல்லை, மொழியைப் பற்றிய ஒரு குறிப்பு. 1285-ல் அட்ரியாடிக் துறைமுகமான ரகூஸாவில் (இன்றைய துப்ரோவ்னிக்) ஒரு கொள்ளை வழக்கில் சாட்சி சொன்ன ஒருவர், மலையில் அல்பேனிய மொழியில் ஒரு குரல் கத்தியதைத் தான் கேட்டதாக வாக்குமூலம் தந்திருக்கிறார். குரல் என்ன சொன்னது என்று எழுத்தர் குறிக்கவில்லை. வழக்குக்கு அது தேவைப்படவில்லை போலும். அந்தக் குரலிலிருந்து முதல் எழுதப்பட்ட வாக்கியம் வரைக்கும் இன்னும் 177 வருஷம். 1462-ல் துர்ரெஸ் நகரின் ஆர்ச்பிஷப் பால் எஞ்ஜெலி, பாதிரியார் கிடைக்காத இடங்களில் பெற்றோரே குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்துகொள்ள அனுமதித்து எழுதிய லத்தீன் கடிதத்தில், சொல்ல வேண்டிய ஒரு வரியை மட்டும் அல்பேனியத்தில் எழுதி வைத்தார். அதை ருமேனிய வரலாற்றாசிரியர் நிகோலாயெ யோர்கா ஃப்ளோரன்ஸ் நூலகம் ஒன்றில் கண்டெடுத்து 1915-ல் வெளியிட்டார். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்ற அந்த ஒரு வரியிலேயே நான் இதுவரை சொன்னது முழுக்க இருக்கிறது. பிதாவும் சுதனும் பெயரும் பூர்வீகச் சொற்கள். ஆவியும் பரிசுத்தமும் லத்தீன். முதல் புத்தகம் 1555-ல், ஜ்யோன் புஸுகு என்ற பாதிரியின் பூசைப் புத்தகம். இன்று இருப்பது ஒரே ஒரு பிரதி, வத்திகானில்.

ஆக, வேர்ச்சொல் ஆராய்ச்சியாளன் கையில் 1462-க்கு முன் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. அதற்கு முந்தைய இரண்டாயிரம் ஆண்டை, பேசப்பட்டுக் காற்றில் போன இரண்டாயிரம் ஆண்டை, அவன் ஒலிவிதிகளை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து தேட வேண்டும். இது இலக்கணக்காரனின் தனிப்பட்ட கஷ்டமாக இருந்திருந்தால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன். அந்த வெற்றிடத்தின் மேல் பிறகு கட்டப்பட்டவைதான் பிரச்னை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்பேனியர்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதற்கு மொழியைத் தவிர வேறெதுவும் இல்லை. முஸ்லீம்கள், கிரேக்க மரபுக் கிறிஸ்தவர்கள், கத்தோலிக்கர்கள் என்று மூன்று மதம். எழுத்திலும் அராபி, கிரேக்கம், லத்தீன் என்று மூன்று வழி. (லத்தீன் எழுத்து வடிவத்தை உறுதி செய்த மொனாஸ்திர் மாநாடு கூடியது 1908-ல்தான்.) சுற்றிலும் இருந்த கிரேக்க, செர்பிய, பல்கேரிய தேசியங்களுக்கு இடைக்காலச் சாம்ராஜ்யங்களும் வேத புத்தகங்களும் இருந்தன. ஒட்டோமான் ராஜ்யம் உடையப்போகிறது, பங்கு பிரிக்கும்போது நீ எந்த மூலப்பத்திரத்தைக் காட்டுவாய் என்பதுதான் கேள்வி. வீடு அடமானம் வைக்க வருகிறவரிடம் நாங்கள் தாய்ப் பத்திரம் கேட்பதில்லையா, அதே கேள்வி. பத்திரம் இல்லாதவர் வீட்டில் பரம்பரையாகக் குடியிருந்தாலும் நிரூபிக்க முடியாது.

பத்திரம் ஏற்கனவே தயாராகிக்கொண்டிருந்தது. 1774-லேயே யோஹான் துன்மான் என்ற அறிஞர், அல்பேனியர்கள் பழைய இல்லிரியர்களின் சந்ததி என்று எழுதியிருந்தார். 1854-ல் ஃபொன் ஹான் அதற்கும் பின்னால் போய்ப் பெலாஸ்கியர்களிடம் கொண்டு சேர்த்தார். கிரேக்கர்களுக்கும் முந்தியவர்கள் என்று கிரேக்கர்களே ஐதிகமாகச் சொன்ன ஒரு ஜனம். ஸாமி ஃப்ராஷெரி 1899-ல் அல்பேனியாவின் கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் பற்றி எழுதிய பிரசுரத்தில் பெலாஸ்கியர்தான் மூலம். அல்பேனிய தேசியத்தின் அஸ்திவாரக் கற்களில் ஒன்றான அந்தப் பிரசுரத்தை எழுதியவரேதான் இஸ்தான்புல்லில் உட்கார்ந்து பெரிய துருக்கி அகராதி ஒன்றையும் தொகுத்து 1901-ல் முடித்தார். இரண்டையும் அதே மனதோடு அவரால் செய்ய முடிந்திருக்கிறது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அது சாத்யப்படவில்லை.

பெலாஸ்கியர்கள் மெல்ல மறைந்தார்கள். இல்லிரியர்கள் நிலைத்தார்கள். இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இடம் ஒன்று, ரோமானியர் வருவதற்கு முன் அங்கே இருந்தவர்கள் இல்லிரியர்கள், இன்று இருப்பவர்கள் அல்பேனியர்கள், நடுவில் ஒரு ஜனம் போய் இன்னொன்று வந்ததாக எந்தப் பதிவும் இல்லை. ஆனால் மொழிச் சான்று என்று கேட்டால் கை விரிகிறது. இல்லிரிய மொழியில் ஒரு வாக்கியம்கூடக் கிடைத்ததில்லை. ஆட்பெயர்கள், ஊர்ப்பெயர்கள், பழைய கிரேக்க லத்தீன் ஆசிரியர்கள் போகிற போக்கில் இல்லிரியம் என்று குறித்த விரல்விட்டு எண்ணும்படியான சொற்கள், அவ்வளவே. அவற்றில் மூடுபனிக்கு ‘ரினொஸ்’ என்று ஒன்று. மேகத்துக்கு அல்பேனியச் சொல் ‘ரெ’, பழைய வடிவம் ‘ரென்’. இந்த ஒற்றை மேகத்தின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஒரு மோதிரம் கிடைத்தது. வட அல்பேனியாவில் ஷ்கோதர் பக்கம் தால்மாசெஸ் கோட்டை என்ற இடத்தில், வெண்கலத்தில். அதிலிருந்த எழுத்துக்களை ‘அனா ஒஏதே இஸேர்’ என்று படித்து, ஒஏதே என்ற பெண் தெய்வத்துக்குச் செய்த காணிக்கை என்றும், இல்லிரிய மொழியின் ஒரே எழுத்துச் சான்று என்றும் அறிஞர்கள் கொண்டாடினார்கள். சாதாரண ஆட்கள் இல்லை. ஜெர்மனியில் இந்தத் துறையின் தலைவராக மதிக்கப்பட்ட ஹான்ஸ் க்ராஹே அவர்களில் ஒருவர். தெய்வத்தின் பெயருக்கு வேர்ச்சொல்கூடக் கண்டார்கள். 1959-ல் பல்கேரியத் தொல்லியலாளர் லூபா ஒக்னெனோவா மோதிரத்தைச் சரியானபடி படித்தார். அது பைஸாந்தியக் காலக் கிரேக்கம். ஆண்டவனே, அன்னாவுக்கு உதவி செய் என்ற சாதாரணக் கிறிஸ்தவப் பிரார்த்தனை. இல்லிரிய தேவதை போய்விட்டாள், அன்னா என்ற ஒரு பெண் வந்தாள். அவள் விரலில் அது எத்தனை நாள் இருந்ததோ. எனக்கென்னவோ தேவதையைவிட அன்னா முக்கியமாகப் படுகிறாள். அவள் இருந்தாள் என்பதற்காவது ஆதாரம் இருக்கிறது.

ஹோஜாவின் ஆட்சியில் இல்லிரிய வம்சாவளி ஒரு கருதுகோள் என்ற நிலையைத் தாண்டி அரசின் சித்தாந்தம் ஆயிற்று. 1972-ல் திரானாவில் இல்லிரிய ஆய்வு மாநாடு கூட்டப்பட்டது. 1975-ல் ஒரு சட்டம்: அரசியல், சித்தாந்த நோக்கில் பொருந்தாத பெயர் வைத்திருப்பவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தோணியும் அஹ்மதும் போய் அக்ரோன், தெவுதா, இலீர், பார்த்யுல் என்று இல்லிரிய ராஜா ராணிகளின் பெயர்கள் பட்டியல்களில் இடம்பிடித்தன. (கி.மு. நான்காம் நூற்றாண்டு இல்லிரிய அரசன் பார்துலிஸ் பெயரை ‘வெள்ளை’ என்ற அர்த்தமுள்ள ‘பார்த்’ என்ற அல்பேனியச் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். 1997-ல் வந்த ஒரு முக்கியமான அல்பேனிய வேர்ச்சொல் ஆய்வின் ஆசிரியர் பெயரும் பார்த்யுல் தேமிராய்தான். 1958-ல் பிறந்தவர், சட்டத்தால் வந்த பெயரல்ல.) நூலகத்தில் அறிஞர்கள் தயங்கித் தயங்கி ‘இருக்கலாம்’ என்று எழுதிய ஒரு சமன்பாடு, பதிவு அலுவலகத்தில் ‘இருந்தாக வேண்டும்’ என்று ஆகி, மனிதர்களுடைய பெயரையே அழித்து எழுதியது.

எதிர்த்தரப்பும் சுத்தமானதல்ல. 1927-ல் ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் வைகாண்ட், அல்பேனியர் இல்லிரியர்களின் சந்ததியா த்ரேசியர்களின் சந்ததியா என்று தலைப்பிட்ட கட்டுரையில் தன் காரணங்களை எண் போட்டு அடுக்கினார். கடல் சம்பந்தமான சொற்கள் பெரும்பாலும் கடன். ஆகவே இவர்கள் கடற்கரைக்குப் புதியவர்கள். கரையோரப் பழைய ஊர்ப்பெயர்கள் அல்பேனிய ஒலிவிதிப்படி மாறவில்லை. ருமேனியத்தோடு விசேஷமான சொல் ஒற்றுமை இருக்கிறது. ஆகவே இவர்கள் கிழக்கேயிருந்து வந்தவர்கள். மொழியியல் வாதமாக இவை ஒவ்வொன்றும் யோசிக்கத்தக்கவை. ஆனால் இவர்கள் வந்தேறிகள், நிலம் எங்களுடையது என்று சொல்லக் காத்திருந்த அண்டை நாட்டார்களுக்கு அவை கிடைத்த விதம் வேறு. எக்ரெம் சாபெய் இவற்றுக்கு வரிக்கு வரி பதில் எழுதினார். கடலுக்கான சொல்லே, ‘தெத்’, பூர்வீகம். ஆழம் என்ற வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘டீப்’ அதற்கு உறவு. பல கடற்சொற்கள் கடன் என்பதாலேயே கடல் கடன் ஆகிவிடாது என்பது சரியான பதில். ஆனால் சாபெய் பதில் எழுதிக்கொண்டிருந்த நாட்டில் வேறு பதில் எழுத யாருக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

ருமேனிய ஒற்றுமை என்றேன். அது சொல்லத்தக்க விஷயம். உதடு அல்பேனியத்தில் ‘புஸ’, ருமேனியத்தில் ‘புஸ’. அடுப்பங்கணப்பு ‘வாதெர்’, ‘வத்ர’. பட்டி ‘தார்க்’, ‘த்ஸார்க்’. ஒருவகை ஊசியிலை மரம் ‘ப்ரெத்’, ‘ப்ராத்’. குதிரைக்குட்டி ‘மெஸ்’, ‘மின்ஸ்’. இது இன்னும் தொலைவிலும் போகிறது: தென் இத்தாலியில் மெஸாப்பியர்கள் குதிரையைப் பலியிட்டு வணங்கிய தெய்வத்தின் பெயர் மென்ஸானா. எல்லாம் ஆட்டிடையர்கள் உலகத்துச் சொற்கள். எங்கோ ஒரு மலைச்சரிவில் இரண்டு ஜனங்களும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் நின்றிருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் ‘கோபில்’ என்று ஒரு சொல். ருமேனியத்தில் (‘கோபீல்’) சாதாரணமாகக் குழந்தை. அல்பேனியத்தில் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை. இதன் வேர் எது என்பதில் இன்றுவரை அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

இன்றைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹோஜா 1985-ல் இறந்தார். அந்த ஆட்சியும் 1990-களின் தொடக்கத்தில் முடிந்தது. வியன்னாவில் மாட்ஸிங்கர், ஷூமாஹர் போன்றவர்கள் பழைய அல்பேனிய நூல்களை ஒவ்வொரு வினையாக அலசி 2013-ல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்கள். இல்லிரியத்திலிருந்து அல்பேனியம் வந்திருக்க முடியாது என்பது மாட்ஸிங்கரின் முடிவு. மறுப்பவர்கள் உண்டு. 2022-ல் ஹுல்லெஸ்தெத், ஜோசஃப் இருவரும் அல்பேனியத்துக்கு மிக நெருங்கிய உறவு கிரேக்கமே என்றும், மெஸாப்பியம் அதே கிளையைச் சேர்ந்தது என்றும் வாதித்தார்கள். கிரேக்கரிடமிருந்து இந்த மொழி மிகப் பழங்காலத்தில் வாங்கிய சொற்கள் ஆலைக்கல், அரிவாள், கீரை. தத்துவம் ஒன்றும் வாங்கவில்லை.

மையரின் 400 அப்படியே நிற்கவில்லை. அது வளர்ந்தது. ‘தெரியாதவை’ என்ற பத்தியிலிருந்தும், கடன் என்று தள்ளப்பட்டவற்றிலிருந்தும் சொல் சொல்லாக மீட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையை வேறு எவரையும்விட அதிகமாகச் செய்த மனிதர் எந்தத் தேசியத்துக்கும் சேவகம் செய்தவரல்ல. அவருக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நோர்பெர்ட் யோக்ல் 1877-ல் மொராவியாவில் பிஸென்ஸ் என்ற சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னாவில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கினார். வக்கீல் தொழிலுக்குப் போகாமல் 1903-ல் பல்கலைக்கழக நூலகத்தில் உத்யோகத்துக்குச் சேர்ந்தார். முப்பது வயது வாக்கில் அல்பேனியம் படிக்கத் தொடங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலில் நூலகக் கடமை, மற்ற நேரம் இந்த மொழி. 1911-ல் அல்பேனிய வேர்ச்சொற்கள் பற்றி முதல் நூல். 1923-ல் மொழியையும் பண்பாட்டு வரலாற்றையும் சேர்த்தாராய்ந்த பெரிய நூல். மையர் ஒரு சொல்லை எடுத்து, அது எந்த மொழிச் சொல்லைப் போல ஒலிக்கிறது என்று கேட்டார். யோக்ல் அந்தச் சொல்லை எந்தக் கை பயன்படுத்தியது, ஆட்டுப்பட்டியிலா வயலிலா அடுப்படியிலா என்று கேட்டார். அகராதியில் அநாதையாக நின்ற சொல் பக்கத்துக் கிராமத்து வழக்கில் இன்னொரு வடிவத்தில் கிடைத்து, அந்த வடிவம் ஒலிவிதியில் பொருந்தியது. அவர் தன் கணக்கை எந்த முடிவுக்காகவும் வளைக்கவில்லை. அல்பேனியத்தின் பழைய இருப்பிடம் தார்தானியா, அதாவது இன்றைய கொசோவோ பக்கம், இல்லிரியத்துக்கும் த்ரேசியத்துக்கும் இடைப்பட்ட நிலம் என்பது அவர் அபிப்ராயம். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் முழுசாகப் பயன்படாத முடிவு. இருந்தும் 1937-ல் அல்பேனிய சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்துக் கௌரவித்தார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் வந்தது. யோக்லுக்கு உத்யோகம் போயிற்று. முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த நூலகத்துக்குள் நுழையக்கூடாது என்று ஆயிற்று. இத்தாலிய அறிஞர்களும் அல்பேனிய நண்பர்களும் அவரைத் திரானாவுக்குக் கொண்டுபோய், நாட்டின் நூலகங்களை ஒழுங்குபடுத்தும் பணியில் அமர்த்திக் காப்பாற்ற முயன்றார்கள். கடிதங்கள் ரோமாபுரிக்கும் பெர்லினுக்கும் போய்வந்தன. நடக்கவில்லை. 1942 மார்ச்சில் கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. மே மாதம் மின்ஸ்க் அருகேயுள்ள மாலி த்ரோஸ்தினெத்ஸுக்குப் போன ரயிலின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

அவர் வீட்டில் இருந்தது அல்பேனியம் பற்றிய நூல்களும் குறிப்புகளும். அவற்றின் மேல் கண் வைத்தவர்கள் படிக்காத ரௌடிகள் அல்ல. ஒருவர் பல்கலைக்கழகத்தில் தத்துவப் புலத் தலைவர் விக்டர் கிறிஸ்டியன், கீழ்த்திசை மொழிகளில் நிபுணர். ஆரிய வம்சத்தின் வேரைத் தோண்ட ஹிம்லர் அமைத்த ‘ஆனனெர்பெ’ என்ற ஸ்தாபனத்தோடு சேர்ந்து இயங்கியவர். அந்தப் பெயருக்கு மூதாதையர் சொத்து என்று அர்த்தம். இன்னொருவர் தேசிய நூலகத்தின் இயக்குநர் பௌல் ஹைகல். நூல்கள் கடைசியில் தேசிய நூலகத்துக்கே போய்ச் சேர்ந்தன.

யோக்லிடம் வியன்னாவில் படித்த மாணவர்களில் ஒருவர்தான் முன்னே சொன்ன எக்ரெம் சாபெய். அவருடைய வேர்ச்சொல் ஆய்வுத் தொகுதிகள் 1976-ல் திரானாவில் வெளிவரத் தொடங்கின. 1980-ல் அவர் இறந்த பிறகும் தொடர்ந்து வந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே முன்னோர் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகத் தந்துவிட்டுத்தான் சாபெய் தன் அபிப்ராயத்துக்கு வருகிறார். மையர் இப்படிச் சொன்னார். யோக்ல் இப்படிச் சொன்னார்.